வாசகர் கேள்வி: இருமலுக்கும் காய்ச்சலுக்கும் கணக்கு உண்டா?

கேள்வி: மாரி தொடங்கியதும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் பலர் காய்ச்சல், இருமலால் வராமல் நிற்கிறார்கள். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையிலோ திருகோணமலைக்குரிய வரியில் இன்புளுவென்சாவே காணப்படவில்லை. இந்தப் பரவல் சுகாதாரத் துறைக்குத் தெரியாதா?
- ஆசிரியை, நிலாவெளி

பதில்: அந்த அட்டவணை சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுக்குரியது. கக்குவான், தொண்டைக்கரப்பான், சின்னமுத்து போன்றவற்றைச் சந்தேகித்தவுடனேயே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் படிவம் நிரப்பி நோயாளி வசிக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்பது 1897ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த நடைமுறை.

இன்புளுவென்சாவை இப்படி ஆளாளாக எண்ணுவதில்லை. தெரிவுசெய்யப்பட்ட வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில், கடந்த 10 நாட்களுக்குள் தொடங்கிய இருமலோடு 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் காய்ச்சல் உள்ளவர்களைக் கணக்கெடுக்கிறார்கள். அதே அறிகுறிகளுடன் வைத்தியசாலை விடுதியில் அனுமதிக்கப்படுபவர்கள் வேறாக எண்ணப்படுகிறார்கள். இவர்களில் சிலரிடம் எடுக்கும் தொண்டைச் சளி மாதிரி பொறளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குச் சென்று, எந்த வைரசு பரவுகிறது என்பதைக் காட்டுகிறது. இலங்கையில் ஏப்ரல் முதல் யூன் வரையும் நவம்பர் முதல் யனவரி வரையும் இன்புளுவென்சா கூடுகிறது என்பது இத்தகைய கண்காணிப்பில் தெரியவந்ததே.

ஆயினும் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிட முடியாது. வெள்ளத்தால் மூதூர், வெருகல் பக்கத்துப் பாதைகள் தடைப்படும் வாரத்தில் வைத்தியசாலைக்கு வருவோர் தொகையே குறைந்துவிடும். அப்போது காய்ச்சல்காரரின் எண்ணிக்கை இறங்கினாலும், வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் விகிதம் ஏறியிருக்கக்கூடும். ஆகவே விகிதத்தையும், முந்திய ஆண்டுகளின் அதே வாரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதிலும் கவனம் தேவை: 2009இல் கிண்ணியாவைத் திருகோணமலை நகரோடு இணைக்கும் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் நகர வைத்தியசாலைக்குச் செல்வது எளிதானது, அந்த ஆண்டைத் தாண்டி ஒப்பிடுபவர், நோய் கூடியதா, பாதை திறந்ததா என்று கேட்டேயாக வேண்டும். நீங்கள் படித்த அறிக்கையின் இறுதி நிரல்களில், அறிக்கைகள் உரிய காலத்தில் வந்தனவா, முழுமையாக வந்தனவா என்பதும் உண்டு. முழுமை குறைந்த வாரத்தில் பூச்சியம் என்றிருந்தால் நோய் இல்லை என்று கொள்ளலாகாது.

தனியார் டிஸ்பென்சரியில் மருந்தெடுத்தவரும் வீட்டில் கொத்தமல்லி அவித்துக் குடித்தவரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது உங்கள் வரவுப் பதிவேடு. ஒரே வகுப்பில் வழமைக்கு மாறாகப் பலர் காய்ச்சலால் வராதிருந்தால், எந்த வகுப்பு, எத்தனை பேர், எந்த நாள் தொடங்கியது என்பவற்றை, பிள்ளைகளின் பெயர்களைக் குறிப்பிடாமல், அதிபர் ஊடாக உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றே தெரிவியுங்கள். வைத்தியசாலை எண்ணிக்கை ஏறும் முன்பே அந்தத் தகவல் அவருக்குக் கிடைத்துவிடும்.

கேள்வி: என் தந்தைக்குக் காசநோய் என்று கண்டறிந்தார்கள். அயலவர் அறிந்துவிடுவார்களோ என்ற பயத்தில் நகரத்திலுள்ள உறவினரின் முகவரியைக் கொடுத்துவிட்டோம். தவறா?
- வாசகர், மூதூர்

பதில்: உங்கள் பயம் புரிகிறது, என்றாலும் முகவரியை உடனே திருத்துங்கள். கொடுத்த முகவரிக்குரிய பிரிவுக்கே அறிவித்தல் செல்லும். இப்போது நகரத்தின் கணக்கில் ஒருவர் கூடுவார், மூதூரில் ஒருவர் குறைவார்; தந்தையோடு ஒரே வீட்டில் மூச்சுவிட்டவர்களைப் பரிசோதிக்க எவரும் வரப்போவதில்லை. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் இது மிகவும் ஆபத்தானது; ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு நோய் கடுமையாக வரக்கூடும், தடுப்பு மருந்தும் உண்டு. சந்திப்பை வீட்டில் வைக்காமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வைக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வழமையான சிகிச்சை 6 மாதம்; அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் அதற்குக் கட்டணமில்லை. வீட்டில் வேறு எவருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அவரையும் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.