சூளையை விட்டு வந்த பிறகு: சட்டக் கேள்வி-பதில்

கேள்வி: செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டோம். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வந்து மீட்டார். இப்போது ஓனர் புரோநோட்டை வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். கட்ட வேண்டுமா?

ஒரு பைசா கட்டாதீர்கள். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 6-வது பிரிவு அந்தக் கடனையே அழித்துவிட்டது. அதைக் கேட்டு சிவில் கோர்ட்டில் வழக்கும் போட முடியாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று ஓனர் சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவரும் அவர்தான் (பிரிவு 15). நீங்கள் பயந்துபோய்க் கொடுத்தாலும் அவர் வாங்கக் கூடாது. வாங்கினால் மூன்று வருடம் வரை சிறை. விடுவிப்புச் சான்றின் (மீட்கப்பட்டதற்கு அதிகாரி தந்த சான்று) நகலை இணைத்து நோட்டீஸுக்குப் பதில் அனுப்புங்கள். அசல் சான்றை யாரிடமும் கொடுக்காதீர்கள், வக்கீலிடம்கூட. இன்னொன்று: மனைவி பெயரில் தனிச் சான்று இருக்கிறதா? குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதி முடித்திருந்தால் விடாமல் கேட்டு வாங்குங்கள். மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடுமையான நிலையில் 3 லட்சம். சான்று இல்லாத ஆளுக்கு எதுவும் நகராது.

கேள்வி: உடனடி உதவி 30,000 ரூபாய் வந்தது. மீதியைக் கேட்டால் “கேஸ் முடியட்டும்” என்கிறார்கள்.

பாதி சரி. முழுத்தொகையை ஓனருக்குக் கிடைக்கும் தண்டனையோடு முடிச்சுப் போட்டிருப்பது இந்த மறுவாழ்வுத் திட்டத்தின் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. ஆனால் கொத்தடிமையாக இருந்ததற்கு முதல்நிலை ஆதாரம் இருப்பதாக மாவட்ட நிர்வாகம் முடிவு செய்துவிட்டால், தீர்ப்பு வரவில்லை என்று மட்டும் சொல்லிக் கோப்பை நிறுத்தக் கூடாது. கலெக்டருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

கேள்வி: எங்களை யாரும் பூட்டி வைக்கவில்லை. கூலிதான் மிகக் குறைவு. இதுவும் கொத்தடிமையா?

கதவில் பூட்டு இருக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு அட்வான்ஸைக் காட்டி வேறு வேலைக்குப் போக விடாமல் தடுத்தால், அது கொத்தடிமைதான்.

கேள்வி: மகளை வேலைக்கு என்று கூட்டிப்போய் விற்றுவிட்டார்கள். மீட்டாயிற்று; ஏஜென்ட்டைப் பிடிக்க முடியவில்லை. இழப்பீடு உண்டா?

உண்டு. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு போடலாம் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 396). இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். இடைக்கால உதவியும் கேட்கலாம். வக்கீல் இலவசம். ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவருக்கு வருமானச் சான்று தேவையில்லை, கேட்டால் 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவைச் சொல்லுங்கள். இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.