நுரையீரல் முடிச்சுக்கு அடிக்கடி சி.டி. எடுக்கலாமா?

அப்பாவுக்கு 58 வயது, பீடி பழக்கம் உண்டு. நுரையீரலில் 7 மி.மீ. முடிச்சாம், அதாவது சின்னக் கட்டி மாதிரி. ஆறு மாதம் கழித்து மறுபடி சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள். கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது. – குடியாத்தம் வாசகி

தவறாமல் எடுங்கள் அம்மா. 6 முதல் 8 மி.மீ. வரையுள்ள கெட்டியான முடிச்சை 6–12 மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்கிறது நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் சர்வதேச அமைப்பான ஃப்ளெய்ஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். பீடி பிடித்த நுரையீரலில் முடிச்சு புற்றுநோயாக இருக்கலாம் என்பதால், அந்தத் தவணையைத் தவறவிடுவதுதான் எனக்குப் பயம்.

கதிர்வீச்சைக் குறைக்க வழி இருக்கிறது. நுரையீரல் முழுக்கக் காற்று. அதற்குள் ஒரு முடிச்சு இருந்தால் குறைந்த கதிரிலேயே பளிச்சென்று தெரியும். வழக்கமான நெஞ்சு சி.டி.யில் சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றால், கதிரைக் குறைத்து எடுக்கும் லோ டோஸ் சி.டி.யில் 1.5 அளவுதான். மண், காற்று, வானம் வழியாக ஓராண்டில் மனித உடல் இயற்கையாக வாங்குவதே உலக சராசரியில் 2.4. ஸ்கேன் சீட்டில் ‘முடிச்சு ஃபாலோ-அப், லோ டோஸ்’ என்று எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். பீடியையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

படம் பளிச்சென்று தெரியப் போடும் மருந்தான காண்ட்ராஸ்ட் ஊசி போட்டால்தானே தெளிவாகத் தெரியும்? – ஆற்காடு வாசகர்

முடிச்சு வளர்ந்திருக்கிறதா என்று அளக்க ஊசி வேண்டாம். ஊசிக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று எடுத்தால் கதிர் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஊரில் எடுத்த ஸ்கேன் கையில் இருந்தும், வேலூரில் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். – ஆம்பூர் வாசகர்

இதுதான் என் மனதை மிகவும் உறுத்துகிறது. வேலூரில் சிகிச்சை பெற மேற்கு வங்கத்திலிருந்து ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறவர்களில் பலர் சுருட்டிய ஃபிலிமோடு மட்டும் வருகிறார்கள். முடிச்சு 2 மி.மீ.யாவது மாறினால்தான் அதை வளர்ச்சி என்று நம்பலாம். மாற்றம் அதைவிடக் குறைவாக இருந்தால் அளவெடுத்ததில் வந்த பிசகாகக்கூட இருக்கலாம். அவ்வளவு நுணுக்கத்தை ஃபிலிமில் பார்க்க முடியாது. 1 மி.மீ. அளவுக்கு மெல்லிய வெட்டுப் படங்கள் உள்ள, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் குறுந்தட்டு வேண்டும். ஸ்கேன் சென்டரை விட்டுக் கிளம்பும்போதே அந்தத் தட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய படங்கள் அதில் சரியாக இருந்தால், பல நேரம் இன்னொரு ஸ்கேனே தேவைப்படாது.

சின்ன வயதில் டி.பி. வந்தது. முடிச்சில் சுண்ணாம்பு படிந்திருப்பதாக ரிப்போர்ட். – ஆரணி வாசகி

முடிச்சு முழுவதுமோ, நட்டநடுவிலோ படிந்திருந்தால் பெரும்பாலும் பழைய தழும்புதான். அதற்காக ஆண்டுதோறும் சி.டி. வேண்டியதில்லை.

ஸ்கேன் அன்று நான் என்ன செய்ய வேண்டும்? – ராணிப்பேட்டை வாசகர்

மூச்சை இழுத்துப் பத்து விநாடி அசையாமல் பிடிக்க வீட்டிலேயே பழகுங்கள். படம் கலைந்தால் மறுபடி எடுக்க வேண்டிவரும்.