வாசகர் கேள்வி – பழைய கார்: முன் கண்ணாடிப் பட்டை ஏன் உட்கார மறுக்கிறது?

கேள்வி (கீழக்கரை வாசகர்): என் தந்தையார் 1982-இல் வாங்கிய பிரீமியர் பத்மினியை இரண்டு ஆண்டுகளாகச் சீரமைத்து வருகிறேன். டிங்கர் வேலையும் பெயிண்டும் முடிந்து, புது ரப்பர் பீடிங்கோடு முன் கண்ணாடியையும் மாட்டியாயிற்று. இப்போது ரப்பரின் காடியில் பதிய வேண்டிய அலுமினியப் பட்டை ஒரு மூலையில் உட்கார்ந்தால் மறு மூலையில் எழுந்துகொள்கிறது. பட்டறையில் சிலிக்கான் வைத்து ஒட்டிவிடலாம் என்கிறார்கள். ஒட்டலாமா?

பதில்: ஒட்ட வேண்டாம். கண்ணாடிக் கடைகளில் கிடைக்கும் சிலிக்கானில் ஒரு வகை, உலரும்போது வினிகர் நெடி அடிக்கும். அது அசிட்டிக் அமிலத்தின் நெடி. பெயிண்ட் கீறிய இடத்தில் அந்த அமிலம் பட்டால் தகரம் துருப்பிடிக்கத் தொடங்கும். நெடி இல்லாத வகையை வாங்கினாலும், சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்ட் ஒழுங்காகப் பிடிக்காது.

தங்கள் வேலையில் நேர்ந்த பிழை வரிசைப் பிழைதான். ரப்பர் ஒரு பக்கம் கண்ணாடியையும் மறுபக்கம் பாடியின் தகர விளிம்பையும் கவ்விக்கொண்ட பிறகு, இரண்டு பக்க அழுத்தத்தாலும் வெளிக்காடியின் உதடுகள் நெருங்கி மூடிக்கொள்கின்றன. பட்டையின் அடியில் மடிந்திருக்கும் கால்கள் அதற்குள் நுழைய இடமிருப்பதில்லை, அதிலும் வளைவான மூலைகளில் அறவே இருப்பதில்லை. ஆகவே கண்ணாடியை மேசைமேல் பழைய போர்வை விரித்துக் கிடத்தி, முதலில் ரப்பரை அதில் மாட்டி, அடுத்து பட்டையைக் காடியில் பதித்து, நடுவில் மேலும் கீழும் இணைப்பை மூடும் கிளிப்பையும் போட்ட பின்னரே மொத்தமாகத் தூக்கிக் காரில் வைக்க வேண்டும். செய்த வேலையைக் கழற்றச் சொல்வது எனக்கும் சங்கடந்தான், வேறு வழியில்லை.

கழற்றியதும் பட்டையை மறந்துவிட்டுத் தகர விளிம்பைப் பாருங்கள். கீழ் இரண்டு மூலைகளில் விரலை ஓட்டினால் பட்டியும் பெயிண்டும் திரண்டு நிற்பது தெரியும். விளிம்பு அப்படித் தடித்திருந்தால் ரப்பர் முழுதாக இறங்காது. அந்த இடத்தில்தான் பட்டையும் துள்ளும். 400 எண் உப்புத்தாளால் அந்தத் தடிப்பைச் சமமாக்கி, தகரம் தெரிந்த இடங்களில் பிரைமரும் பெயிண்டும் கொடுத்து, அது நன்றாகக் காயும்வரை பொறுத்திருங்கள். நம் கரையில் இதில் அலட்சியம் கூடாது. இரவு வாசலில் நின்ற காரின் பானெட்டில் காலையில் விரலை இழுத்து நாவில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். அதே உப்பு பனி ஈரத்தோடு ரப்பருக்கு அடியிலும் இறங்கி, வெயில் படாமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

பட்டையை அழுத்துவதற்கு முன், மேசையில் ரப்பரோடு கிடக்கும் கண்ணாடியின்மேல் அதைச் சும்மா வைத்துப் பாருங்கள். கை வைக்காமலே அது ரப்பரின் வளைவோடு படிந்து கிடக்க வேண்டும். மூலையில் விரற்கடை அளவுக்கு மேல் எழும்பி நின்றால், தொடையின்மேல் வைத்து இரு கைகளாலும் சிறிது சிறிதாக வளைத்துச் சரிசெய்யுங்கள். அவசரப்பட்டு மடிப்பு விழுந்துவிட்டால் அலுமினியத்தில் அந்தத் தழும்பு போகவே போகாது. காடியின் உதட்டை விரிக்க ஸ்குரூ டிரைவரைத் தொடாதீர்கள். பனைமட்டைச் சிம்பு ஒன்றை நுனி மழுங்கச் சீவி வைத்துக்கொண்டால் ரப்பரும் கிழியாது, கண்ணாடியிலும் கீறல் விழாது.

வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துவிடும். ஆனால் சோப்பை போர் தண்ணீரில் கரைக்காதீர்கள்: உவர்நீரில் நுரை எழாது என்பது ஒன்று, காய்ந்த பின் அதன் உப்பு காடிக்குள்ளேயே தங்கும் என்பது மற்றொன்று. காவிரிக் கூட்டுக் குடிநீரில் ஒரு சொம்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, ரப்பரின் உதட்டைத் தகர விளிம்புக்கு உள்ளே இழுத்துவிட உதவும் கயிறு. கடற்கரைக்காரர்களுக்கு இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. வலைக்கடையில் 4 மில்லிமீட்டர் அளவில் வழவழப்பான நைலான் கயிறு கிடைக்கும். தகர விளிம்பைக் கவ்வும் காடிக்குள் அதைச் சுற்றிலும் பதித்து, கீழ் நடுவில் இரு முனைகளும் ஒரு சாண் அளவு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க, காருக்குள் தொங்கும்படி விடுங்கள். வெளியே இருப்பவர் உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டி அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியை ஒட்டியவாறே மெதுவாக இழுத்தால், ரப்பரின் உள் உதடு சாண் சாணாக விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து விழும். ஓரிடத்தில் கயிறு இறுகினால் அங்கேயே நிறுத்தி, சோப்புத் தண்ணீர் விட்டு, வெளியிலிருந்து தட்டச் சொல்லுங்கள். லேமினேட்டட் கண்ணாடி விளிம்பில் விழும் அழுத்தத்தைத் தாங்காது, நூலிழை போல ஒரு விரிசல் ஓடிவிட்டால் புதுக் கண்ணாடிதான் வாங்க வேண்டும். ரப்பரை முன்னதாக அரை மணி நேரம் வெயிலில் போட்டு எடுத்தால் பாதி மல்லுக்கட்டு குறையும்.

கேள்வி (மண்டபம் வாசகி): எங்கள் பழைய காரின் ஒரிஜினல் கண்ணாடிப் பட்டையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. பஃபிங் (துணிச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது) செய்தால் போய்விடும் என்கிறார்கள். நிலைக்குமா?

பதில்: வெள்ளைப் பொடி பூப்பது அலுமினியம், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பட்டையாக இருந்தால் பழுப்புப் புள்ளிதான் விழும். அலுமினியப் பட்டையின்மேல் அனோடைசிங் என்னும் ஆக்சைடு படலம் உண்டு. அது அங்கங்கே உடைந்த பிறகு மேலாக பஃபிங் செய்தால் கண்ணாடி போல மின்னும். மண்டபத்துக் காற்றில் அந்த மினுக்கம் நீடிக்காது. பழைய படலத்தைக் காஸ்டிக் சோடாவில் நீக்கி, பாலிஷ் செய்து, மறுபடியும் அனோடைசிங் கொடுப்பதே முறை. காஸ்டிக் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். அதைப் பட்டறையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். அதுவரை பாம்பன் பாலத்தைத் தாண்டி வரும் நாட்களில் பட்டையின் கீழ்ப்புறத்தையும் இரு மூலைகளையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, மாதம் ஒருமுறை மெழுகு பூசி வாருங்கள்.