கேம் ஆடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது: பவர் சப்ளையை மாற்ற வேண்டுமா?

ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, ஏழு வருடப் பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கேம் ஆடினால் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். விண்டோஸ் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் தெரியும் ‘கெர்னல்-பவர் 41’ஐ வைத்து முடிவுக்கு வராதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்று மட்டுமே அது சொல்லும், காரணம் சொல்லாது.

முதலில் விண்டோஸில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். பிழைச்செய்தியோடு நீலத்திரை வந்தால் டிரைவர், ரேம் பக்கம் பாருங்கள். எதுவுமே வராமல் பட்டென்று திரை கறுத்தால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான். உங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் கணக்கு 170 வாட். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் அதைத் தாண்டி இழுக்கும்; எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் கெப்பாசிட்டர் வலுவிழந்திருந்தால் 12 வோல்ட் லைன் சரிந்து மதர்போர்டு ரீசெட் ஆகிவிடும். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்து ஆடிப் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டால் கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸில்தான் என்பது ஏறக்குறைய உறுதி.

இந்த கார்டுக்கு அதைத் தயாரிக்கும் என்விடியா சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ். நான் 650 வாங்கச் சொல்வேன். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரச் சிக்கனத்துக்குத்தான், தரத்துக்கு அல்ல. லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே 50 ஆம்பியர் இருந்தால் 600 வாட் அங்கேயே கிடைக்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை (கழற்றி மாட்டும் கேபிள்) புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகாதீர்கள். கனெக்டரில் உள்ள பின்களின் (pin) வரிசை மாறியிருந்தால் ஹார்ட் டிஸ்க்கே கருகிவிடும்.