ஓக்காளம் வந்தும் வாந்தி வரவில்லையா? விடியும் வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு எட்டு வயது. ஞாயிறு இரவு வயிறு நிறைய கறிச்சோறு தின்றுவிட்டு மொட்டை மாடியில் என் மகனோடு பந்து விளையாடியது. பதினொரு மணி வாக்கில் ஓக்காளித்துக்கொண்டே இருந்தது, நுரையைத் தவிர எதுவும் வரவில்லை. வயிறு மத்தளம் போல உப்பிவிட்டது. வாயு என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்தோம். விடியற்காலை இறந்துவிட்டது. எங்கள் தவறா டாக்டர்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, முதலில் உங்கள் மகனிடம் சொல்லுங்கள், பந்து விளையாடியதால்தான் செத்தது என்று அவன் நினைக்க வேண்டாம். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இரைப்பை முறுக்கல்தான். காற்றால் உப்பிய இரைப்பை தன் அச்சிலேயே திரும்பி, மேல் வாயும் கீழ் வாயும் அடைபட்டுவிடும். அதனால்தான் குமட்டினாலும் ஒன்றும் வெளியே வருவதில்லை. ஓம வாட்டர் உள்ளே போகவே வழி கிடையாது. உப்பிய இரைப்பை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்த, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் தேங்கி, உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் கிடைக்காமல் நாய் ‘ஷாக்’ என்கிற நிலைக்குப் போய்விடும். இதெல்லாம் சில மணி நேரத்துக்குள் நடந்துவிடும்.

ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், டாபர்மேன் போல நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு இது அதிகம், வயது ஏற ஏற இன்னும் அதிகம். ஒரே வேளையில் நிறைய வைப்பதும் அவசரமாக விழுங்குவதும் ஆபத்தைக் கூட்டும். இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள்.

ராயபுரத்திலிருந்து ஒருவர் நள்ளிரவில் தன் டாபர்மேனை ஆட்டோவில் மடியில் கிடத்திக் கொண்டுவந்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன், சாம்பல் நிறம். விரலால் அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், திரும்பவில்லை. எக்ஸ்ரேக்குக்கூட நிற்காமல் இரண்டு முன்னங்காலிலும் டிரிப்ஸ் ஏற்றி, விலாவுக்குப் பின்னால் தட்டிப் பார்த்து, தடித்த ஊசியை இறக்கினேன். புளித்த சோற்று வாடையோடு காற்று சீறி வந்தது. மூச்சு சீரானதும் வலப்பக்கம் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தோம்; இரைப்பை நடுவில் மடிந்து இரண்டு அறைகளாகத் தெரிந்தது. பிறகு வயிற்றைத் திறந்து முறுக்கை எடுத்து, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிட்டோம். தைக்காமல் விட்டால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். அது பிழைத்தது. அறுவை சிகிச்சை செய்தும் நான் இழந்த நாய்கள் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

இது தவறில்லை அம்மா, உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதைப் படிக்கிறவர்கள் தங்கள் பகுதியில் இரவில் எந்த கால்நடை மருத்துவமனை திறந்திருக்கும் என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

கேள்வி: பூத்தொடுக்கும் நூலை எங்கள் பூனை விழுங்கிவிட்டது. இரண்டு நாளாக வாந்தி, சாப்பாடு இல்லை. பின்பக்கம் நூல் முனை தொங்குகிறது. இழுத்துவிடலாமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: மின்னஞ்சல் வந்த அன்றே இவரிடம் போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். இழுக்கவே கூடாது. நூலின் மறுமுனை பெரும்பாலும் நாக்குக்கு அடியிலோ இரைப்பையிலோ மாட்டியிருக்கும். நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குகிற மாதிரி குடல் சுருங்கும். நூல் குடல் சுவரை அறுத்து ஓட்டை போட்டுவிடும். மலம் வயிற்றுக்குள் கசிந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

அன்று மாலையே கொண்டுவந்தார். நாக்கைத் தூக்கியதும் அடியில் நூல் சுற்றியிருந்தது. முதலில் அதை வெட்டிவிட்டு, குடலில் மூன்று இடத்தில் கீறி மீதியை எடுத்தோம். இரண்டு மல்லிக் காம்புகள் முடிச்சு அவிழாமல் அதிலேயே இருந்தன.