பாட்டிலைப் படுக்க வைக்கலாமா?

கேள்வி: சேகரித்த விஸ்கி பாட்டில்களை ஒயின் போலப் படுக்க வைத்திருக்கிறேன். திறக்காமலே அளவு குறைகிறதே? பழைய அமெரிக்க பாட்டிலின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: படுக்க வைத்ததுதான் வினை. விஸ்கியில் ஆல்கஹால் பொதுவாக 40 சதவீதத்துக்குக் குறையாது. அது தக்கையை அரித்து நொறுங்க வைக்கும், பிறகு கசியும். உடனே நிமிர்த்தி வையுங்கள். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் பாராஃபிலிமை (இழுத்தால் நீண்டு ஒட்டிக்கொள்ளும் மெழுகுப் படலம்) இழுத்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். செலோடேப் மட்டும் வேண்டாம், பசை லேபிளைக் கெடுத்துவிடும். வெயில் படாத, சூடு ஏறி இறங்காத அலமாரி போதும். பாட்டிலை கிராம் தராசில் நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள். கசிவைப் பிடிக்க, கண்ணளவைவிட இது நம்பகம்.

இந்தப் பாட்டிலின் விற்பனையையும் மறுபயன்பாட்டையும் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது என்ற ஆங்கில வாசகம் கண்ணாடியில் புடைப்பாக இருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் 1935 முதல் 1964 வரையிலானது. லேபிளை நம்பாதீர்கள், அதைப் புதிதாக அச்சடித்து ஒட்டுவது எளிது.