கிதாரில் முதல் 4 ஃபிரெட்டில் மட்டும் கம்பி இரைந்தால்

உங்கள் எலக்ட்ரிக் கிதார் இரைகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதல் 4 ஃபிரெட்டில்தான் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) தடித்த ஈ கம்பி இரைகிறது, மற்ற இடத்தில் சுத்தமாகப் பேசுகிறது என்றால், உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைத் தொடாதீர்கள். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடைத்தான் தளர்த்த வேண்டும். ஐப்பசி அடைமழையில் செட் செய்தேன் என்கிறீர்கள். கும்பகோணத்துச் சித்திரை வெயிலில் மரம் காய்ந்து கழுத்து பின்பக்கம் வளைந்திருக்கும்.

ட்யூன் செய்துவிட்டு, 1-வது ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, அதே கம்பியை 17-வதில் அழுத்துங்கள். 7-வதுக்கு மேலே தட்டினால் கம்பி ‘டிக்’கென்று லேசாக இறங்க வேண்டும், 0.2 மி.மீ. இடைவெளி போதும். ஒட்டிக் கிடந்தால் டிரஸ் ராடின் திருகைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மறுபடி ட்யூன் செய்து பாருங்கள்.

திருகு அசையவில்லையா, வலுக்கட்டாயம் வேண்டவே வேண்டாம். ராடு முறிந்தால் கழுத்தே போச்சு.

அப்புறம், விரல் ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டி இருக்கட்டும். ஆம்பில் கேட்காத இரைச்சலை விட்டுவிடலாம்.